மிதிக்கும் நகரம் – 9: பாதி வழியில் நின்றால்

ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிள் ஓட்டுபவருக்கு டயர் பஞ்சரானால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. ஒரு போன் போட்டால் வீட்டிலிருந்து கார் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு அதே பஞ்சர் அரை நாள் சம்பளத்தைத் தின்றுவிடும். கேட்டில் கால் மணி நேரம் பிந்தினால் 'லேட்' போடும் கம்பெனிகள் உண்டு. சில 'லேட்' சேர்ந்தால் அரை நாள் என்று கழிக்கும் கம்பெனிகளும் உண்டு. இரவுக் காவலரை விடுவிக்க வேண்டிய செக்யூரிட்டி, வீடு வீடாகப் போய்ப் பாத்திரம் தேய்க்கும் அக்கா, ஹோட்டலில் அடுப்பு மூட்ட வேண்டிய மாஸ்டர், பேப்பர் போடும் பையன் என்று சென்னையில் சைக்கிளை நம்பி வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறவர்கள். மெக்கானிக் கடை திறப்பதோ ஒன்பது மணிக்கு மேல்தான்.

அந்த மூன்று மணி நேர இடைவெளியைப் பற்றித்தான் இந்த வாரம். காலை ஐந்தரைக்குத் தெரியவரும் பழுதுக்கு வைத்தியம் கிடையாது. அதே பழுது முந்தின நாள் சாயங்காலமே தெரிந்தால், வீட்டுக்குப் போகிற வழியில் பத்து நிமிடத்தில் தீரும். ஆணியும் முள்ளும் தவிர, சைக்கிளை நிறுத்துகிற பழுது எதுவும் ஒரே நாளில் வருவதில்லை. வாரக்கணக்கில் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது.

முதலில் காற்று. காலையில் டயர் சப்பையாகக் கிடந்தால் எல்லோரும் பஞ்சர் என்றே முடிவு செய்கிறார்கள். 28 அங்குலச் சக்கரம் வைத்த கறுப்பு சைக்கிள்களில் பல சமயம் ட்யூபில் ஓட்டையே இருக்காது, போனது வால்டியூப். வால்வுக்குள் இருக்கும் சின்னக் குழாயின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. அந்தத் துளையை மூடி இறுக்கமாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய ரப்பர்தான் வால்டியூப். பம்பு அடிக்கும்போது காற்று ரப்பரை விரித்துக்கொண்டு உள்ளே போகிறது. கையை எடுத்ததும் ரப்பர் சுருங்கித் துளையை அடைக்கிறது. ஸ்பிரிங் இல்லை, ஊசி இல்லை. வுட்ஸ் வால்வு என்ற இந்த அமைப்பு நூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே நீடிக்கிறது. பழுதானால் மாற்ற ஒரு விரல் நீள ரப்பரும் எச்சிலும் போதும். இதைவிட ஏழைக்கு இணக்கமான பொறியியல் எனக்குத் தெரிந்து குறைவு.

அதன் எதிரி வெயில். நிழலில்லாத ஸ்டாண்டில் சித்திரை வைகாசி முழுக்க நிற்கும் சைக்கிளில் ரப்பர் இளகிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு துளைக்கு நேராகக் கிழியும். சோதிக்க ஒரே வழி, ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழி: காற்றடித்துவிட்டு வால்வு வாயில் எச்சில் தொட்டு வைப்பது. குமிழ் எழுந்தால் வால்டியூப், எழாவிட்டால் பஞ்சர். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போது இதைப் பார்த்துவிட்டால் காலையில் பதற்றம் இல்லை. இரண்டு துண்டு வால்டியூபைப் பர்ஸில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். விலை சில்லறைதான்.

பெட்ரோல் பங்கில் காற்று இலவசம், ஆனால் அங்குள்ள குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்குச் செய்தது. கறுப்பு சைக்கிளின் வால்வில் உட்காராது. இரண்டையும் இணைக்கும் சின்ன அடாப்டர் சைக்கிள் உதிரிபாகக் கடையில் கிடைக்கும். அதை வால்வில் முடுக்கிவிட்டால் இருபத்துநான்கு மணி நேரப் பங்க் எல்லாம் உங்களுக்கும் திறந்துவிடும். கம்ப்ரஸர் காற்று வேகமாக ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

காற்று குறைவாக வைத்து ஓட்டுவதுதான் பாதிப் பழுதுகளுக்கு வேர். குழியில் இறங்கும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த தடம் மாதிரி பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை விழுகிறது. பிரேக் பிடிக்கும்போதும் அழுத்தி மிதிக்கும்போதும் டயரும் ட்யூபும் ரிம்மின் மேல் நகர்கின்றன. வால்வு மட்டும் ரிம் துளையில் மாட்டியிருப்பதால் அதன் அடிப்பகுதி இழுபட்டுக் கிழிகிறது. அங்கே ஒட்டு நிற்காது. ட்யூபையே மாற்ற வேண்டும். உங்கள் சைக்கிளில் வால்வு நேராக நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இந்த வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே காற்றை முழுக்க இறக்கி, டயரைக் கையால் நகர்த்தி வால்வை நேராக்கிவிட்டுக் காற்றடியுங்கள். ஒரு ட்யூப் மிச்சம்.

இனி பஞ்சர். இதில் ஒட்டுவதைவிட ஓட்டை எங்கே இருக்கிறது என்று படிப்பதுதான் பெரிய வேலை. நான் வழக்கமாகப் போகும் கடையில் ஒரு பையன் கோபமாக வந்து நின்றான்.

"அண்ணே, நேத்து சாயங்காலம்தான் ஒட்டுனீங்க, மறுபடி எறங்கிடுச்சு."

"அதே எடமா, வேற எடமா? அதப் பாப்போம் மொதல்ல. கழட்டு தம்பி."

கழற்றித் தண்ணீரில் அமுக்கியபோது குமிழ் பழைய ஒட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளி வந்தது. மெக்கானிக் ட்யூபைக் கீழே போட்டுவிட்டு டயரின் உட்புறத்தை விரல் நுனியால் தடவிக்கொண்டே போனார். சீமைக்கருவேல முள்ளின் நுனி, வெளியே தெரியாமல் டயருக்குள் ஒடிந்து நின்றது. குறடால் பிடுங்கிப் போட்ட பிறகுதான் சொல்யூஷன் டப்பாவைத் திறந்தார். முதல் நாள் அந்தத் தடவல் நடக்கவில்லை. அவசரமாகக் கேட்டதால் அவசரமாகச் செய்து கொடுத்திருக்கிறார். எந்தக் கடையில் ஒட்டினாலும், டயரைத் திரும்ப மாட்டுவதற்கு முன் "உள்ள ஒரு தடவ தடவிப் பாத்துருங்கண்ணே" என்று கேட்டுவிடுங்கள். பிளேடுத் துண்டோ கண்ணாடியோ இருக்கலாம், துணியை வைத்துத் தடவினால் இழை மாட்டிக் காட்டிக்கொடுக்கும், விரலும் தப்பும்.

ரோட்டைத் தொடும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியிலிருந்து வந்தது. ரிம் பக்கத்தில் இருந்தால் போக்ஸ் கம்பியின் முனை நிப்பிளைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது, அல்லது ரிம் டேப் நகர்ந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டே இருந்தால் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், கம்பி முனையை அரத்தால் ராவி டேப்பை மாற்றினால்தான் தீரும். சின்னக் கிழிசலாக ரிம் ஓரத்தில் இருந்தால் டயரை லீவரால் நெம்பி மாட்டியபோது பட்டது. டயரைக் கழற்றத்தான் லீவர். மாட்டுவதற்கு இரண்டு கட்டைவிரல்கள். கடைசி அரையடி முரண்டு பிடித்தால், எதிர்ப்பக்கத்து டயரை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிக்கொண்டே வந்தால் தளர்வு கிடைக்கும்.

ஒட்டுவதில் ஒரே ஒரு தவறுதான் எங்கும் நடக்கிறது. சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அமுக்கிவிடுகிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சாகத் தடவி, விரலில் ஈரம் ஒட்டாத வரை காய விட வேண்டும். வெயில் நாளில் சில நிமிடங்கள், மழை நாளில் கூடுதல். காய்வதற்கு முன் ஒட்டியது சூட்டில் நழுவும். வீட்டில் வைத்திருக்கும் சொல்யூஷன் ட்யூபை ஒருமுறை திறந்துவிட்டால் மூடினாலும் உள்ளே இறுகிவிடும். பையில் எப்போதும் திறக்காத ஒன்று இருக்கட்டும்.

சத்தத்துக்கு வருகிறேன். வலது பெடலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று ஒரு சத்தம், காலடியில் ஒரு சின்ன உதறல்: காட்டர் பின். கிராங்கை ஆக்ஸிலோடு பிணைக்கும் ஆப்பு அது, பழைய பாணிச் சைக்கிள் எல்லாவற்றிலும் உண்டு. தேய்ந்ததும் கிராங்க் நூலளவு ஆடும். பலர் அந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள், ஓடுகிறதே என்று. ஆடும் பின் தன்னை மட்டும் தேய்த்துக்கொள்வதில்லை. ஆக்ஸிலின் பட்டைப் பகுதியையும் கிராங்கின் துளையையும் சேர்த்துத் தேய்க்கிறது. இரண்டு பெடல்களும் ஒரே கோட்டில் இல்லாமல் ஒன்று பின்தங்கி நின்றால் தேய்வு முற்றிவிட்டது. முதல் வாரத்தில் ஒரு பின்னோடு முடிந்திருக்கும் செலவு, ஆக்ஸில், கிராங்க் என்று வளரும்.

காட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்துத்தான் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாயோ கட்டையோ முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அடியின் வேகம் முழுக்க உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகளுக்கும் கப்புக்கும் போய், கப்பில் குழி விழும். பிறகு பெடல் சுற்றும்போது கரகரவென்ற உணர்வு ஒருபோதும் போகாது. நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண எனக்கு இந்த ஒரு வேலை போதும்.

பெடலைக் கழற்றும்போதும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இடது பெடலின் மரை இடம்புரி. அதை இறுக்க எதிர்த்திசையில் திருக வேண்டும். மோட்டார் பைக் வேலை மட்டும் தெரிந்த கடைகளில் இது தெரியாமல் வழக்கமான திசையில் ஏற்றி, கிராங்கின் மரையை மழித்து அனுப்பிவிடுகிறார்கள். பெடலின் அச்சு முனையில் எல், ஆர் என்று வெட்டியிருக்கும், பார்த்துக் கொடுங்கள்.

செயின் நழுவுவதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டே நடக்கும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரும். பள்ளிக்கூட அளவுகோல் போதும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் முடிந்தது. அதற்கு மேல் ஓட்டினால் பல்லையும் தின்றுவிடும், அப்புறம் புதுச் செயின் போட்டாலும் பழைய ஃப்ரீவீலில் எகிறும். கடைகளில் ஊற்றும் வேஸ்ட் ஆயிலை நான் சேர்க்க மாட்டேன். எஞ்சினிலிருந்து வடிந்த எண்ணெயில் கரியும் இரும்புத் துகளும் கலந்திருக்கும். நல்ல எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தால் போதும்.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டை தேய்ந்தால் மாற்ற வேண்டும், கேபிளில் ஓர் இழை பிரிந்தாலும் மாற்ற வேண்டும். ஆனால் முலாம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக்கின் பிடி பாதிக்கும் மேல் போய்விடும் என்பதை ஐப்பசி வருவதற்குள் நினைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். தேங்கிய தண்ணீர் ஹப்புக்குள் புகுந்து கிரீஸை என்ன செய்கிறது என்பது நீண்ட கதை, மழைக்கால அத்தியாயத்தில் வரும். அடுத்து போக்ஸ் கம்பி: கறுப்பு ரோட்ஸ்டர் சைக்கிளில் முன் சக்கரத்தில் 32, பின்னால் 40. பின்சக்கரத்தில், ஃப்ரீவீல் பக்கம், ஹப்பில் வளைந்து நுழையும் இடத்தில்தான் பெரும்பாலும் ஒடியும். ஒடிந்ததைப் பக்கத்துக் கம்பியில் முறுக்கிவிட்டு வீடு வரை போகலாம். ஒன்று போனால் பக்கத்தில் இருப்பவை அதன் சுமையையும் தாங்குகின்றன. நாளை மறுநாள் என்று தள்ளினால் மூன்று ஒடிந்து, சக்கரம் கோட்டம் விழுந்து மட்கார்டில் உரசும்.

யாருமில்லாத இடத்தில் நின்றுவிட்டால்? செயின் அறுந்ததென்றால் செயின் லாக் ஒன்று பையில் இருக்க வேண்டும். மீன் வடிவக் கிளிப்பின் மூடிய தலைப்பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது உரசி எகிறிவிடும். ஃப்ரீவீல் உள்ளே பிடிக்காமல் பெடல் இரண்டு பக்கமும் வெறுமனே சுற்றினால், ஃப்ரீவீல் பல்லைப் பின்சக்கரப் போக்ஸ் கம்பிகளோடு இரண்டு மூன்று இடங்களில் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். சைக்கிள் நகரும். ஆனால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், காலை நிறுத்த முடியாது, பாலத்து இறக்கத்தில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். வீடு வந்து சேர மட்டுமே இது. பஞ்சரான சைக்கிளில் ஏறி மட்டும் மிதிக்காதீர்கள். ஒட்டு போட்டிருக்க வேண்டிய ட்யூப் குப்பைக்குப் போகும், டயரும் ஓரம் கிழியும். கூடவே சுமையும் இருந்தால் ஷேர் ஆட்டோ ஏற்றாது, குட்டியானைதான் பிடிக்க வேண்டும். அதன் வாடகையில் இரண்டு டயர் வாங்கலாம்.

இவ்வளவு சொன்னாலும், ஷிப்டு முடித்து வருகிற மனிதர் வீதியில் உட்கார்ந்து டயர் கழற்ற வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்குத் தேவை போகிற வழியில், சரியான நேரத்தில், திறந்திருக்கும் ஒரு கடை. அது குறைந்துகொண்டே வருகிறது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஊரான அம்பத்தூரிலேயே, ஒரு காலத்தில் வாடகைச் சைக்கிளும் பழுதும் சேர்த்துப் பார்த்த கடைகள் இருந்த தெருக்களில் இப்போது டூ வீலர் பஞ்சர் கடைதான் இருக்கிறது. ட்யூப்லெஸ் டயரில் பசைத்திரியைக் குத்தி முடிக்கும் வேலையில் கிடைக்கும் காசு, சைக்கிள் ட்யூபைக் கழற்றி ஒட்டி மாட்டுவதில் கிடைப்பதில்லை. "சைக்கிள் பாக்கறதில்லண்ணே" என்று அவர்கள் சொல்வதில் எனக்குக் கோபமில்லை. பிழைப்பு அப்படி. கியர் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வேறு சங்கடம்: மரத்தடி மெக்கானிக்கிடம் ஆலன் கீ இல்லை, ஆலன் கீ வைத்திருக்கும் ஷோரூமில் இன்றைக்கே வேலை நடப்பதில்லை. ஐந்து ஆலன் கீயை நீங்களே வைத்திருந்து அவரிடம் நீட்டினால் பாதி வேலை முடியும். அவர்கள் கை எதையும் சீக்கிரம் கற்கும்.

மிச்சமிருக்கும் சைக்கிள் மெக்கானிக்குகள் பெரும்பாலும் நடைபாதையிலும் மரத்தடியிலும் இருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்றது 2014-இல். அதன் பின் நடைபாதைகள் அகலமாயின, சில சாலைகளில் சைக்கிளுக்குக் கோடு போட்டார்கள். அந்த நடைபாதை வேலை வரும்போது முதலில் தூக்கப்படுவது பம்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கும் மனிதர். சைக்கிள் பாதை போட்டுவிட்டு சைக்கிளைப் பழுது பார்ப்பவரை விரட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

சட்டம் அவர் பக்கம் இருக்கிறது. அதே 2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டும் பேசவில்லை. தெருவில் பொதுமக்களுக்குச் சேவை செய்பவரையும் வியாபாரி என்றே வரையறுக்கிறது. செருப்பு தைப்பவரும் சைக்கிள் மெக்கானிக்கும் அதற்குள் வருகிறார்கள். முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவரை இடம் மாற்றவோ அப்புறப்படுத்தவோ கூடாது. அடையாளச் சான்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. இடம் ஒதுக்குவதில் கருத்துச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். நான் பேசிய மெக்கானிக்குகளில் பலருக்கு இந்தச் சட்டம் பூக்கடைக்கும் பழவண்டிக்கும் மட்டும் என்ற எண்ணம் இருக்கிறது. கணக்கெடுப்பு வரும்போது அவர்கள் பெயரும் ஏற வேண்டும். அவர்களிடம் சைக்கிள் கொடுக்கும் நாம்தான் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள்கள் நிறுத்தும் இடம் இருக்கிறது. அதற்குள்ளேயே பழுது பார்க்கும் கடை. காலையில் விட்டுவிட்டு ரயில் ஏறலாம், மாலையில் சரியான சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த அளவு கட்டடம் நமக்கு வேண்டாம். ஆவடி, அம்பத்தூர், தாம்பரம் நிலையங்களில் வாகன நிறுத்தத்துக்கு ஒப்பந்தம் விடும்போது, பத்துக்குப் பத்தடி இடமும் ஒரு தண்ணீர்க் குழாயும் ஒரு விளக்கும் சைக்கிள் மெக்கானிக்குக்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். காலை ஐந்து முதல் எட்டு வரையும், மாலை ஐந்து முதல் ஒன்பது வரையும் கடை திறந்திருக்க வேண்டும் என்று அந்த வரியிலேயே எழுதிவிடலாம். வாடகை வாங்கக் கூடாது.

(தொடரும்)